வாசலிலேயே தேர்வு

பாட்னாவிலிருந்து காலையில் காரில் கிளம்பினால், வயல்வெளிகளைத் தாண்டிச் சுமார் 90 கிலோமீட்டரில் நாலந்தா. 5-ஆம் நூற்றாண்டில் குமாரகுப்தர் காலத்தில் உருவான பல்கலைக்கழகம். இன்று நிற்பவை செங்கல் இடிபாடுகள். 2016 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். இங்கே தலைமை ஆசானாக இருந்த தர்மபாலர், நம்ம காஞ்சிபுரத்துக்காரர்.

7-ஆம் நூற்றாண்டில் இங்கே படித்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஒரு சேதி எழுதியிருக்கிறார். சேர வருகிறவர்களை வாசல் காப்பவரே கேள்வி கேட்டு மடக்குவாராம். பத்துப் பேர் வந்தால் ஏழெட்டுப் பேர் அப்படியே திரும்ப வேண்டியதுதான்!

அங்கிருந்து ராஜ்கிர் மலைக்குப் போகிற வழியில் சிலாவ் என்று ஓர் ஊர். அடுக்கடுக்காகப் பொரித்துப் பாகில் தோய்த்த காஜாவுக்குப் பேர்போனது. புவிசார் குறியீடும் உண்டு. கடை வாசலில் யாரும் கேள்வி கேட்பதில்லை. காசு கொடுத்தால் எல்லோரும் பாஸ்!