வீடு திரும்பும் ஆண்டு

(பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குக்குரு ஆற்றிய உரை)



ஐம்பது ஆண்டு நிறைவைக் கொண்டாடக் கொடியேற்றினோம்; தேர் இழுத்தோம்; பெருவிழாத் திருப்பலியில் நன்றி கூறினோம். கோவில் எழும்பிய வரலாற்றையும், மணிக்கூண்டுக்குக் கல் சுமந்த முன்னோரின் தியாகத்தையும் இம்மலரில் வேறு அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் வேறொன்றைப் பற்றிப் பேச விழைகிறோம்.

யூபிலி என்றால் என்ன? பழைய ஏற்பாட்டில், லேவியர் நூல் 25-ஆம் அதிகாரம் அதை விளக்குகிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்க வேண்டும். அடிமைப்பட்டவர் விடுதலை பெற்றுத் தம் நிலத்திற்கும் தம் குடும்பத்திற்கும் திரும்ப வேண்டும். ஆக, யூபிலி என்பது வீடு திரும்பும் ஆண்டு. அப்படியானால் நம் பங்கில் இன்னும் வீடு திரும்பாதவர் யார்? வெளிநாடு சென்றவர்களை நாம் சொல்லவில்லை. சொந்த வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டே வீடு திரும்பாதவர்களைச் சொல்லுகிறோம். மனநோயால் வாடும் நம் சகோதர சகோதரிகளையே குறிப்பிடுகிறோம்.

இவர்களுக்கு நாம் சூட்டும் பெயர்கள் என்னென்ன? "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சிரிக்கிறோம். "ஒரு கலியாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து, இன்னொரு வீட்டுப் பெண்ணையும் துன்பத்தில் தள்ளுகிறோம். பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையே முதலில் அறிக்கையிடுகிறோம்.

வேறொரு பங்கில் நாம் குருவாக இருந்தபோது, ஒரு விதவைத் தாய் தம் மகனை அழைத்து வந்தார். வயது இருபத்திரண்டு. படிப்பை நிறுத்திவிட்டான். யாரோ தன்னைத் திட்டும் குரல் கேட்கிறது என்றான். சோற்றில் விஷம் இருக்கிறது என்று உண்ண மறுத்தான். தலைமேல் கைவைத்துச் செபித்தோம். தீர்த்தம் கொடுத்தோம். ஒன்பது நாள் நவநாள் செய்யச் சொன்னோம். "எல்லாம் சரியாகிவிடும் அம்மா" என்று அனுப்பினோம். என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குருவே சொல்லிவிட்டார் என்று நம்பிய அந்தத் தாய், மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றே மாதத்தில் நோய் முற்றியது. மகன் பூட்டிய அறைக்குள் இருந்தான். செபித்தது தவறல்ல. செபத்தோடு சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதுதான் நம் தவறு.

அந்த வீட்டிற்கு ஒரு சகோதரி வந்தார். மனநல சமூகப் பணியாளர். தோளில் ஒரு பை. பயணம் அரசுப் பேருந்தில். முதல் நாள் நோயைப் பற்றி அவர் பேசவேயில்லை. திண்ணையில் அமர்ந்து, "அம்மா, நீங்கள் தூங்கி எத்தனை நாளாயிற்று?" என்று கேட்டார். அந்தத் தாயை அப்படி யாரும் கேட்டதில்லை, அழுதுவிட்டார். மூன்றாம் முறை வந்தபோதுதான் மகன் சன்னலைத் திறந்தான். மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்குகிறது என்று அவனே சொன்னான். சகோதரி அதை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார், மருந்து மாற்றப்பட்டது. பின்பு மாதம் ஒரு முறை போடும் ஊசி ஏற்பாடாயிற்று. மாற்றுத் திறனாளி அடையாள அட்டைக்குத் தாயுடன் அலுவலகம் அலைந்ததும் அவரே. தூக்கம் கெடுவதுதான் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி என்று கண்டு, அதைத் தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினார்.

ஒருநாள் நம் பங்கு இல்லத்திற்கும் வந்தார். நம்மைக் குறை கூறவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "ஃபாதர், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி பூசைக்கு வந்தால், யாராவது அவர் பக்கத்தில் உட்காருவார்களா?"

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை.

இந்தப் பணி வெறும் இரக்க குணத்தால் மட்டும் வருவதன்று. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன்மேல் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியும் முடித்தவரையே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சமூகப் பணியாளர் என்று குறிப்பிடுகிறது. மருத்துவர் நோயைக் கண்டு மருந்து எழுதுகிறார். அந்த மருந்து வீட்டில் உட்கொள்ளப்படுகிறதா, வீட்டார் சோர்ந்துவிட்டார்களா, வேலை கிடைக்குமா, ஊர் ஏற்குமா என்று பார்ப்பவர் இவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1950-களிலேயே குடும்பத்தாரை நோயாளியோடு தங்க வைத்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின் 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் சிகிச்சையை ஊர்ப்பக்கம் கொண்டு வந்தது. மதிலுக்குள் அடைப்பதைவிட, மக்கள் நடுவில் வைத்துக் குணமாக்குவதே மேல் என்பதே இவை அனைத்தின் கருத்து.

அடைத்து வைப்பதன் முடிவு என்ன என்று 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தீப்பற்றியபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. வேற்றுச் சமயத்தார் இடம் என்று விரல் நீட்ட நமக்கு அருகதை இல்லை. நம் திருத்தலங்களுக்கும் இவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றிலும் தடை செய்கிறது.

மாற்கு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கல்லறைகளுக்கு நடுவே, சங்கிலிகளால் கட்டப்பட்டும் அடங்காத ஒரு மனிதன். ஆண்டவர் அவனைக் குணமாக்கினார். அவன் தானும் படகில் வருவதாக மன்றாடினான். ஆண்டவரோ அவனைத் தன் வீட்டாரிடம் அனுப்பினார். குணம் பெற்றவனுக்கு வீடும் ஊரும் வேண்டும் என்று அவர் அறிந்திருந்தார். ஊராரோ ஆண்டவரையே போய்விடும்படி கேட்டார்கள்! நாம் அந்த ஊராராக இருக்கலாமா?

இன்னொன்று. தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டவரின் வீட்டை நாம் ஒதுக்குகிறோம். அறிந்தே அவ்வாறு செய்தவருக்கு 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மையே. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. திருச்சபை விட்டுவிட்டதை நாம் பிடித்துக்கொண்டிருப்பானேன்?

ஆகவே இந்தப் பொன்விழாவில் நாம் கேட்கும் காணிக்கை இதுவே. வின்சென்ட் தே பவுல் சபையார் வீடு சந்திக்கும்போது பூட்டிய அறைகளையும் கேட்டறியுங்கள். மாதா சபையினர், நோயாளியைக் கவனிக்கும் தாய்க்கு வாரம் ஒரு பிற்பகலாவது ஓய்வு கொடுங்கள். செபிக்க வருவோரிடம், "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று இனி நாமும் சொல்லுவோம். மனம் கலங்கியவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய சேவை அது. இளைஞர்களே, இந்தச் சமூகப் பணியையும் ஓர் அழைத்தலாக எண்ணிப் படியுங்கள்.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். முழுச் சுகம் என்று சொல்ல மாட்டோம். ஒருமுறை நோய் திரும்பியது. அடுப்படித் தாளைப் பார்த்துத் தாய் உடனே அறிந்துகொண்டார். இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்து திரும்பினான். முதல் ஞாயிறு அவன் கோவிலுக்கு வந்தபோது நான்காம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான். காணிக்கைப் பாடலின்போது முதிய கோவில்பிள்ளை மெல்ல நடந்து போய், அவன் பக்கத்தில் அமர்ந்து, தம் பாட்டுப் புத்தகத்தை அவனுக்கும் சேர்த்துப் பிடித்தார். நம்மிடம் இல்லாத பதிலை அவர் கொடுத்தார்.

நம் கோவிலிலும் பெஞ்சுகள் உண்டு. அவற்றில் இடமும் உண்டு. யூபிலியின் ஆண்டவர் நம் எல்லாரையும் வீடு சேர்ப்பாராக.