உடன்போக்கும் ஊர்ப்பொதுவும்



பத்தாண்டு நிறைவு காணும் இம்மன்றம் காட்பாடியில் அமைந்திருப்பது இன்றைய பொருளுக்கு மிகவும் பொருந்துவதாகும். சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் இருப்புப்பாதை பிரியும் சந்திப்பு இது. வீட்டாரிடம் சொல்லாமல் புறப்படும் இருவருக்கு முதலில் நினைவில் எழுவது இத்தகைய ஊரே. சங்கப் புலவர்கள் உடன்போக்கின் வழியாகப் பாலைச் சுரத்தைப் பாடினர். இன்றைய சுரம் பயணச்சீட்டு வாங்கும் வரிசையில் தொடங்குகிறது.

அத்தகைய இருவர் காட்பாடியில் வந்து இறங்குவதாகக் கொள்வோம். அவர்களுக்கு மண்டபம் இல்லை, பந்தல் இல்லை, தாம்பூலம் மாற்றப் பெரியோர் இல்லை. பாலாற்றைக் கடந்தால் வேலூர்க் கோட்டை. அகழியை அடுத்துப் பெரியார் பெயரில் அமைந்த பூங்கா. அங்கே ஒரு மரநிழலில், இரண்டு மாலைகளோடு, நண்பர் சிலர் சூழ மணம் செய்துகொள்ள அவர்கள் எண்ணுகின்றனர். இஃது ஒரு திருமணம் ஆகுமா என்பது வினா. இவ்வினாவிற்குத் தமிழ் மரபும் இக்காலச் சட்டமும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன என்பதே இவ்வுரையின் கருத்து.

முதலில் இலக்கணத்தைக் காண்போம். தொல்காப்பியர் கற்பியலின் தொடக்கத்தில், கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வதே கற்பு என்று வரையறுக்கிறார். அடுத்த நூற்பாவிலேயே அவ்வரையறைக்கு ஒரு வாயில் திறந்து வைக்கிறார். இருவரும் உடன்சென்றுவிட்ட காலத்தில், கொடுப்பவர் இல்லாவிடினும் கரணம் உண்டு என்பது அவர் கருத்து. கரணம் என்பது மணச்சடங்கு. ஓடிப்போனவர்க்கு மணம் ஏது என்று ஊர் ஏளனம் செய்யும் இடத்தில், அவர்க்கும் மணம் உண்டு என்று இலக்கணம் துணை நிற்கிறது. சொன்ன சொல் பொய்த்தலும் தவறுதலும் உலகில் தோன்றிய பிறகே பெரியோர் சடங்கை வகுத்தனர் என்றும் அவர் உரைக்கிறார். எனவே சடங்கின் பயன் ஆடம்பரம் அன்று, சொல்லைக் காப்பது.

அச்சடங்கு எப்படி இருந்தது? அகநானூற்றின் 86, 136 ஆம் பாடல்கள் பண்டைத் திருமணத்தைக் காட்டுகின்றன. புதுமணல் பரப்பிய பந்தல், உழுந்து கலந்த சோறு, மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் நீரும் மலரும் சொரிந்து வாழ்த்துதல் ஆகியவை அங்கே உள்ளன. வேள்வித்தீயோ மந்திரமோ சொல்லப்படவில்லை. நீர், மலர், நெல், வாழ்த்தும் வாய்கள் என எளிய பொருள்களால் ஆனது அம்மணம். இவற்றுள் பூங்காவில் கிடைக்காதது ஒன்றுமில்லை, வாழ்த்தும் வாய்களைத் தவிர.

ஔவையார் பாடிய குறுந்தொகைப் பதினைந்தாம் பாடல் இங்கு நினைக்கத்தக்கது. மகள் உடன்போய்விட்டாள். செவிலி நற்றாயிடம் அறத்தொடு நிற்கிறாள். பழைய ஆலமரத்தடியில், ஊர்ப்பொதுவில், முரசும் சங்கும் ஒலிக்க வந்து தோன்றிய நாலூர்க் கோசரின் சொல் எவ்வாறு மெய்யானதோ, அவ்வாறே நம் மகளின் நட்பும் மெய்யாயிற்று என்கிறாள். முரசும் சங்கும் கோசரின் சொல்லுக்கே ஒலித்தன. சுரத்தில் நடந்த அவ்விருவர்க்கு அவை இல்லை. எனினும் ஊரறிய உரைத்த வாய்மையோடு அவர்கள் நட்பு நிகராக வைக்கப்படுகிறது. மறைவில் நிகழ்ந்த ஒன்றுக்குப் பொதுவிடத்தின் மதிப்பைத் தருகிறாள் அந்தத் தாய். உடன்போக்கையும் ஊர்ப்பொதுவையும் ஒரே பாட்டில் இணைத்த திறம் வியக்கத்தக்கது.

இனிச் சட்டத்தைக் காண்போம். புரோகிதரும் தீவலமும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் 1953 இல் தீர்ப்பளித்தது. பெரியாரின் இயக்கத்தில் அவ்வாறு மணந்த பலரின் வாழ்வை அத்தீர்ப்பு கேள்விக்குள்ளாக்கியது. அண்ணா முதல்வரானபின், 1967 இல் இந்து திருமணச் சட்டத்தில் 7 அ என்னும் பிரிவு தமிழகத்திற்காகச் சேர்க்கப்பட்டது. 1968 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தாம் அறிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகக் கூறினால் போதும். மாலை மாற்றினாலும் போதும். மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். முன்பு நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின. தொல்காப்பியர் திறந்த வாயிலைச் சட்டம் மீண்டும் திறந்தது எனலாம்.

ஆகவே பூங்காவில் மணக்க எண்ணும் இருவர் செய்யவேண்டியவை சிலவே. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். இருவரும் இந்துக்களாயின் 7 அ பிரிவு பொருந்தும். சாதி வேறுபாடு தடையன்று. இந்துவும் கிறித்தவரும் இசுலாமியரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழும் இவ்வட்டாரத்தில், சமயம் கடந்து மணப்பவர்க்கு 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவை. பதிவு அலுவலகத்தில்தான் மணக்க வேண்டும் என்பதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தினால் அருகிலுள்ள வேறிடத்திலும் மணம் நிகழலாம். மணம் எவ்வகையாயினும், 2009 ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்தல் கடமை.

இடத்திற்கும் நெறி உண்டு. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கூட்டமோ விருந்தோ நடத்த முன்னிசைவு வேண்டும் என்று 1959 ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. பூங்காவிலும் உரிய அலுவலரிடம் கேட்டு நடத்துவதே முறை. நியூயார்க் நகரின் நடுவண் பூங்காவில் இத்தகைய சிறு மணங்கள் இயல்பாக நடக்கின்றன. அங்கும் 20 பேருக்கு மேல் கூடினால் இசைவுச்சீட்டு வேண்டும். பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டா. பூவும் தாளும் சிதறிக் கிடக்க வேண்டா. காலைப்பொழுதில், இரண்டு மாலை, ஓர் உறுதிமொழி, நான்கு நண்பர் என்பதே அளவு.

இக்கோட்டையே பெருந்திருமணம் ஒன்றைக் கண்டதுதான். 1806 சூலை 9 இல் திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம் இங்கு நடந்தது. மறுநாள் விடியுமுன் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. கூட்டம் நிறைந்த மணத்தை வரலாறு புரட்சிக்காகவே நினைவில் வைத்திருக்கிறது. மணமக்களின் சொல் என்னவென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

ஈண்டு ஓர் எதிர்வாதம் எழும். அஞ்சி வந்தவர்களைப் பொதுவிடத்தில் நிறுத்துதல் தகுமா? 2016 மார்ச்சு 13 இல் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, பகலில், பலர் பார்க்க, சாதி மறுத்து மணந்த இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொதுவிடம் அங்கே காக்கவில்லை; வேடிக்கை பார்த்தது. மறைவாக நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014 இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சும் இருவரை ஊரறிய மணக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே இடராகலாம் என்று கருதிய உச்சநீதிமன்றம், 2023 ஆகஸ்டு 28 இல் அக்கருத்தை மாற்றியது. பொதுவில் அறிவித்தல் கட்டாயமன்று. நண்பர் என்ற நிலையில் வழக்கறிஞரும் சாட்சியாகலாம் என்றது. அச்சுறுத்தப்படும் இணையர்க்குக் காவல்துறை பாதுகாப்பளிக்க வேண்டும் என்று 2018 மார்ச்சு 27 ஆம் நாள் தீர்ப்பும் பணித்துள்ளது. எனவே அச்சம் உள்ளவர் முதலில் நாடவேண்டியது பூங்காவை அன்று, பாதுகாப்பை.

இதனால் ஓர் உண்மை தெளிவாகிறது. மணத்தை மெய்யாக்குவது கூட்டத்தின் அளவன்று, சாட்சியின் வாய்மை. ஊர் முழுதும் திரண்டும் ஒருவரும் சாட்சி சொல்ல முன்வராவிடின் அது பொதுவிடம் ஆகாது. மூவர் நின்று, நாங்கள் அறிவோம் என்று உரைப்பின் அம்மரத்தடி ஊர்ப்பொதுவாகிவிடும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளுக்கு விடியலில் செல்லும் பெண்கள் பலர். தன் கையால் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் மகளைக் கொடுக்கும் உரிமை எவருடையது? தன்னைத் தானே கொடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதே 7 அ பிரிவின் உட்கருத்து. மலையில் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படாது என்று கலித்தொகையின் பாலைக்கலி தேடிவந்த செவிலியைத் தேற்றுகிறது. இன்று அவளைத் தேற்ற அவ்வுவமை மட்டும் போதாது. சந்தனம் பிறர்க்குரிய பொருள். மகள் தன் சொல்லுக்கு உரியவள்.

கவிஞர் பெருமக்களே! ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் மகளைப் பிரிந்த தாயின் துயருக்கு ஒரு பத்துப் பாடினார். இடைச்சுரத்திற்கு ஒரு பத்துப் பாடினார். அதன்பின் மறுதரவுக்கும் ஒரு பத்துப் பாடினார். போனவர் திரும்பி வருவதை அவர் மறக்கவில்லை. அப்பத்தில் ஒரு தாய் கேட்கிறாள்: சிலம்பு கழிக்கும் சடங்கை உங்கள் வீட்டில் செய்தீர்கள், மணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக் கூடாதா? சினம் அங்கே இல்லை; தன் பங்கைக் கேட்கும் ஏக்கமே உள்ளது.

இன்றைய கவிதைகளில் ஓடிப்போதலும் உண்டு, வெட்டுப்படுதலும் உண்டு. மறுதரவுப் பத்து மட்டும் இல்லை. அதை எழுதுதல் இம்மன்றத்தாரின் கடன். எழுதுமுன், எவரேனும் இருவர் இரண்டு மாலைகளோடு வந்து சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டால், எழுந்து செல்லுதல் அதனினும் முந்திய கடன்.