கப்பல்ல என்ன இருக்குன்னு கரைக்குத் தெரியணும்

(தூத்துக்குடியில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நமது கட்சியின் மாநிலக் குழு உறுப்பினர் ஆற்றிய உரை. தோழர்கள் பலரும் கேட்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்.)



கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு தோழர் கேட்டார்: "பாதுகாப்பான, பசுமையான, டிஜிட்டல் கப்பல் போக்குவரத்துக்கு சர்வதேச ஒத்துழைப்புன்னு தலைப்பு போட்டிருக்கீங்க. இதெல்லாம் லண்டன்ல கோட்டு போட்டவங்க பேசுற விஷயமாச்சே, நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்விதான். கப்பலுக்கு விதி எழுதுற ஐ.நா. அமைப்பு, ஐ.எம்.ஓ.ன்னு சொல்ற சர்வதேச கடல்சார் அமைப்பு, லண்டன்லதான் இருக்கு. ஆனா அங்க எழுதாம விட்ட விதி கரை ஒதுங்குறது நம்ம ஊர்லங்க. அதனாலதான் பேசணும்.

2025 மே 24. விழிஞ்ஞத்துல இருந்து கொச்சிக்குப் போய்க்கிட்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் நடுக்கடல்ல ஒரு பக்கமா சாயுது. மறுநாள் முழுசா மூழ்கிடுச்சு. கப்பலுக்கு வயசு 28. பறந்த கொடி லைபீரியா நாட்டுக் கொடி. கேப்டன் ரஷ்யாக்காரர். மாலுமிகள்ல 20 பேர் பிலிப்பைன்ஸ், 2 பேர் உக்ரைன், ஒருத்தர் ஜார்ஜியா. அங்க ரெண்டு நாடும் சண்டை போட்டுக்கிட்டிருக்கு, இங்க ரெண்டு நாட்டுத் தொழிலாளியும் ஒரே கப்பல்ல ஒரே சோத்தைச் சாப்பிட்டு வேலை பார்த்திருக்காங்க. 24 பேரும் உயிரோட மீட்கப்பட்டாங்க. மீட்ட கடலோரக் காவல் படைக்கும் கடற்படைக்கும் மனதார நன்றி சொல்றோம்.

அந்தக் கப்பல்ல 640 கண்டெய்னர் இருந்தது. அதுல 13 கண்டெய்னர்ல அபாயகரமான சரக்கு. 12-ல கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைப் பழுக்க வைக்க சில வியாபாரிங்க திருட்டுத்தனமா கூடைக்குள்ள வைக்கிறாங்களே, அதே கார்பைடு கல்லுதான். தண்ணி பட்டா அசிட்டிலின் வாயு கிளம்பும், சட்டுனு தீப்பிடிக்கும். அதை ஏத்தின கப்பல் தண்ணிக்குள்ள போயிடுச்சு.

சில நாள்ல கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில வெள்ளை வெள்ளையா ஏதோ ஒதுங்குது. பார்க்க ஜவ்வரிசி மாதிரி இருக்கு. அதுதான் பிளாஸ்டிக் குருணை, நர்டில்ஸ்னு சொல்றாங்க. குடத்துல இருந்து நாற்காலி வரைக்கும் எல்லா பிளாஸ்டிக் சாமானும் இதை உருக்கித்தான் செய்யறாங்க. மணல்ல கலந்துட்டா சல்லடை போட்டு சலிச்சு, கையால பொறுக்கணும். மீனும் ஆமையும் அதை முட்டைன்னு நினைச்சு முழுங்கும்.

இப்ப நம்ம கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கப்பல்ல என்னென்ன இருந்ததுன்னு கரையில இருக்கிறவங்களுக்கு எப்ப தெரிஞ்சது? கப்பல் நிறுவனத்துக்குத் தெரியும், ஏத்தின துறைமுகத்துக்குத் தெரியும், சுங்கத் துறைக்குத் தெரியும். கண்டெய்னர் ஒதுங்கின கரையில நின்ன மீனவனுக்குத் தெரியாது. கடைசியில வழக்கு போட்டு, கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு, சரக்கு விவரத்தைப் பொதுவெளியில வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. மூழ்கி பத்து நாளுக்கு மேல ஆச்சு தோழர்களே! இன்னைக்கு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு செருப்பு ஆர்டர் பண்ணா, அது எந்த ஊர்ல எந்த லாரியில இருக்குன்னு போன்ல பார்க்கிறோம்.

பழைய கப்பல், அதான் மூழ்கிடுச்சுன்னு யாராவது சொல்வாங்க. அப்படின்னா எக்ஸ்-பிரஸ் பேர்ல் கதையைக் கேளுங்க. 2021-ல கடலுக்கு வந்த புத்தம் புதுக் கப்பல், சிங்கப்பூர் கொடி. 1,486 கண்டெய்னர், அதுல 25 டன் நைட்ரிக் அமிலமும் உண்டு. அமிலம் இருந்த ஒரு கண்டெய்னர் வழியிலேயே கசிய ஆரம்பிச்சது. கத்தார்ல ஹமாத் துறைமுகத்துல அதை இறக்கக் கேட்டாங்க, முடியல. அடுத்து நம்ம குஜராத் ஹசீரா துறைமுகத்துல கேட்டாங்க, அங்கயும் முடியல. கசியுற அமிலத்தைக் கையாள வசதியும் ஆளும் உடனடியா இல்லன்னு பதில். கப்பல் கசிஞ்சுக்கிட்டே கொழும்புக்குப் போச்சு. மே 20-ஆம் தேதி தீப்பிடிச்சுது. கிட்டத்தட்ட ரெண்டு வாரம் எரிஞ்சு ஜூன் 2-ல மூழ்க ஆரம்பிச்சது. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அந்தக் கப்பல்ல இருந்தது. நூத்துக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கிச்சு. மீன்பிடிக்கத் தடை போட்டாங்க. நீர்கொழும்பு மீனவன் என்ன தப்பு பண்ணான்? அவன் அமிலத்தை ஏத்தினானா, இறக்க மாட்டேன்னு சொன்னானா?

ஒத்துழைப்பு இல்லன்னா என்ன ஆகும்னு கேட்டா இந்த ஒரு கண்டெய்னரைச் சொல்லுங்க. ரெண்டு துறைமுகத்துல ஒரு இடத்துலயாவது அதை இறக்க ஏற்பாடு இருந்திருந்தா, இல்ல பக்கத்து நாட்டுல எங்க ஏற்பாடு இருக்குன்னு ஒருத்தருக்கொருத்தர் பேசியிருந்தா, அந்தக் கப்பல் இன்னைக்கும் ஓடிக்கிட்டிருந்திருக்கலாம். இதுல நம்ம நாட்டுத் துறைமுகமும் உண்டுங்கிறதை நாம மறைக்கக் கூடாது.

நஷ்ட ஈடு விஷயத்துக்கு வருவோம். கப்பல் முதலாளி இவ்வளவுதான் கொடுக்கணும்னு ஒரு உச்சவரம்பு சர்வதேச ஒப்பந்தத்துலேயே இருக்கு. அதன்படி 2023-ல லண்டன் நீதிமன்றம் எக்ஸ்-பிரஸ் பேர்லுக்கு 1.9 கோடி பவுண்டுன்னு வரம்பு கட்டுச்சு. 2025 ஜூலையில இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் கொடுன்னு தீர்ப்பு சொன்னது. இந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுலதான் மீனவன் நிக்கிறான். எல்சா 3 விஷயத்துல கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டது. உயர் நீதிமன்றம் அதே நிறுவனத்தோட இன்னொரு கப்பலைப் பிடிச்சு நிறுத்தி வச்சு, 1,227 கோடிக்கு மேல உத்தரவாதம் கட்டச் சொன்னது. அந்த அளவுக்கு ஒரு மாநில அரசு துணிஞ்சு போனதைப் பாராட்டணும். கன்னியாகுமரிக் கரையில குருணை பொறுக்கின நம்ம ஆளுகளோட கணக்கையும் அதே துணிச்சலோட யாராவது கேட்கணும்.

விதியே இல்லாம இல்ல. டைட்டானிக் மூழ்கினதுக்கு அப்புறம்தான் 1914-ல கடல்ல உயிர்ப் பாதுகாப்புக்கான முதல் ஒப்பந்தமே வந்தது. சாவு முன்னாடி, சட்டம் பின்னாடி. துறைமுகத்துக்கு வர்ற கப்பலோட காகிதம் எல்லாத்தையும் ஒரே மின்னணு வழியில வாங்கணும்ங்கிறது 2024 ஜனவரி 1-ல இருந்து கட்டாயம். கடல்ல கண்டெய்னர் விழுந்தா கேப்டன் உடனே பக்கத்துக் கப்பல்களுக்கும் கரையோர நாட்டுக்கும் கொடி நாட்டுக்கும் சொல்லணும், இது 2026 ஜனவரி 1-ல இருந்து கட்டாயம். நல்ல விதி, வரவேற்கிறோம். அபாயகரமான சரக்கு இருந்தா அதையும் சொல்லணும்னு இருக்கு. ஆனா பாருங்க, பிளாஸ்டிக் குருணை அந்த அபாயப் பட்டியல்லயே இல்ல! அதை நல்லா மூட்டை கட்டி, முடிஞ்ச வரைக்கும் கப்பலோட கீழ் தளத்துல வைங்கன்னு 2024-ல ஐ.எம்.ஓ. ஒரு பரிந்துரை மட்டும் கொடுத்தது. பரிந்துரைதான், கட்டாயம் இல்ல. அதுக்கு அடுத்த வருஷம்தான் நம்ம கரையில ஒதுங்கிச்சு.

பசுமைன்னு ஒரு வார்த்தை இப்ப எல்லா மேடையிலயும் கேட்குது. உலகத்துல வெளியாகுற வெப்பவாயுவுல கப்பல்களோட பங்கு 3 சதவீதம் அளவுக்கு இருக்கு. 2050 வாக்குல அதைப் பூஜ்யமாக்குவோம்னு 2023-ல நாடுகள் ஒத்துக்கிட்டாங்க. புகைக்கு விலை வைக்கிற திட்டம் 2025 ஏப்ரல்ல ஐ.எம்.ஓ.வுல முதல் கட்டம் தாண்டுச்சு. அக்டோபர்ல அதை நிறைவேற்றக் கூடினப்ப அமெரிக்கா வெளிப்படையா மிரட்டுச்சு. ஆதரிச்சு ஓட்டு போடுற நாடுகள் மேல வரி போடுவோம், விசாவுல கை வைப்போம்னு சொன்னாங்க. 57-க்கு 49 ஓட்டுல ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க. கடல் மட்டம் ஏறினா முதல்ல மூழ்கப் போற குட்டித் தீவு நாடுகள் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

நம்ம தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துல பசுமை ஹைட்ரஜன் முன்னோட்ட ஆலை வந்திருக்கு. பசுமை மெத்தனால் நிரப்புற வசதிக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. சிங்கப்பூரோட பசுமை, டிஜிட்டல் கப்பல் வழித்தடம் அமைக்க 2025 மார்ச்சுல இந்தியா விருப்பக் கடிதம் போட்டிருக்கு. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிரா சுதேசிக் கப்பல் விட்டவர் பேர்ல இருக்கிற துறைமுகம் இதுல முன்னாடி நிக்கிறது நமக்கும் பெருமைதான். ஆனா நாளைக்கு அம்மோனியாவும் கப்பலுக்கு எரிபொருளா வரப் போகுது. அம்மோனியான்னா என்னன்னு எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களைக் கேளுங்க. 2023 டிசம்பர்ல ராத்திரி நேரம் கடலடிக் குழாய்ல கசிஞ்சு, மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. அதனால புது எரிபொருள் வேணாம்னு நாங்க சொல்லல. அதைத் தொடப் போற தொழிலாளிக்கு முகக்கவசமும் பயிற்சியும் முதல்ல வரட்டும், எரிபொருள் பின்னாடி வரட்டும்னு சொல்றோம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் சொல்றோம்.

அதே எண்ணூர்ல 2017 ஜனவரி 28-ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ராக்கெட் விடுற நாட்டுல மாணவர்களும் மீனவர்களும் பிளாஸ்டிக் வாளியில எண்ணெய் அள்ளினாங்க. அந்தப் படத்தை நான் இன்னும் போன்ல வச்சிருக்கேன்.

2025-ல நாடாளுமன்றம் புது வணிகக் கப்பல் சட்டம் நிறைவேற்றியிருக்கு. அந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற விதிகள்ல நாங்க கேட்கிறது இதுதான். நம்ம கடல்ல ஒரு கப்பல் ஆபத்துல சிக்கினா, அதுல இருக்கிற சரக்குப் பட்டியல் 24 மணி நேரத்துக்குள்ள தமிழ்லயும் மலையாளத்துலயும் கரையோர ஊராட்சிகளுக்கு வந்து சேரணும். கசியுற கண்டெய்னரை எந்தத் துறைமுகம் இறக்கும்னு முன்கூட்டியே முடிவாகியிருக்கணும், இலங்கையோட பேசி முடிவாகணும். மீன் விஷயத்துல நமக்கும் அவங்களுக்கும் ஆயிரம் சண்டை இருக்கு, அது தனி. குருணை எல்லைக் கோடு பார்த்து ஒதுங்கறதில்ல. அதை அபாயப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லி இந்திய அரசு ஐ.எம்.ஓ.வுல குரல் கொடுக்கணும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல அடுத்த மீனவர் குறைதீர் நாள் கூட்டத்துக்கு இந்தக் கோரிக்கையை மனுவா எடுத்துட்டுப் போறோம். வர்ற தோழர்கள் கையெழுத்து மட்டும் கொண்டு வராதீங்க. உங்க கரையில குருணை கிடைச்சா ஒரு பாட்டில்ல போட்டு, எந்த ஊரு, என்ன தேதின்னு சீட்டு ஒட்டி எடுத்துட்டு வாங்க. மேசை மேல வரிசையா வைப்போம்.