ஊருக்குப் புறப்படும் முன் வானின் தண்ணீரைப் பாருங்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுக்காகக் கொட்டாஞ்சேனையில் நடந்த தகவல் அமர்வில் ஆற்றிய உரை)



பதிவு, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம் பற்றியெல்லாம் எனக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேச வந்தது உங்களை ஏற்றிப்போகும் வாகனத்தைப் பற்றி. அதிலும் ஹீற்றரைப் பற்றி. கொழும்பு வெயிலில் ஹீற்றர் யாருக்கு வேண்டும் என்று சிலர் சிரிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு குடும்பத்தோடு போனேன். பழைய டொல்பின் வான். விடியப்புறம் நல்ல மழை, முன் கண்ணாடி முழுக்கப் புகார். ஏசி வேலை செய்யாததால் சாரதி ஹீற்றரைப் போட்டார். ஓடும்போது சூடான காற்று வந்தது; சந்தியில் நின்றால் குளிர்ந்த காற்று வந்தது. "இது கனநாளா இப்பிடித்தான். சுவிச்சை இரண்டு தரம் மாத்திப் பாத்திட்டன்" என்றார்.

மாங்குளம் தாண்டியதும் எஞ்சின் கொதித்து வான் நின்றது. வீதியின் இரு பக்கமும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள். வீட்டின் மூத்த பையன் வெறும் கலனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் பற்றைப் பக்கம் இறங்கப் போனான். தாய் வைத்த சத்தத்தில்தான் நின்றான். பிறகு வந்த லொறிக்காரர் ஒருவர் தண்ணீர் தந்தார். நாங்கள் தப்பினோம்.

நான் கலைப்பிரிவில் படித்தவள், மெக்கானிக் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த ஹீற்றர் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர்தான் றேடியேற்றருக்குக் கொண்டுபோகிறது. அதே தண்ணீரின் ஒரு பங்கு, டாஷ்போட்டுக்குள் இருக்கும் இன்னொரு சின்ன றேடியேற்றருக்கும் போகிறது. அதுதான் ஹீற்றர். அதன் மேல் காற்றாடி ஊதும்போது உங்களுக்குச் சூடான காற்று வருகிறது. தண்ணீர் குறைந்தால் முதலில் காற்று போய் அடைத்துக்கொள்ளும் இடங்களில் ஒன்று அது. வேகமாக ஓடும்போது பம்ப் தண்ணீரைத் தள்ளிவிடும். நிற்கும்போது தள்ளப் பலம் போதாது. ஆகவே ஹீற்றர் விட்டு விட்டு வேலை செய்தால், பல நேரங்களில் எஞ்சினில் தண்ணீர் குறைகிறது என்பதே செய்தி.

எதையும் கழற்றும் முன், எப்போது சூடு வருகிறது, எப்போது வரவில்லை என்று கவனியுங்கள்.

ஓடும்போது சூடு, நிற்கும்போது குளிர் என்றால் தண்ணீர் குறைவு, அல்லது உள்ளே காற்று அடைப்பு, அல்லது பம்ப் பலவீனம். முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

நின்றால் சூடு, வேகமாக ஓடினால் குளிர், வெப்பமானி முள்ளும் கீழே இறங்குகிறது என்றால் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகியிருக்கலாம்.

காற்றே விட்டு விட்டு வந்தால், குழியில் விழும்போது நின்று மறுபடி வந்தால், அது மின்சாரப் பக்கம். பியூஸ், வயர் பொருத்து, காற்றாடி மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். அதிகூடிய வேகத்தில் மட்டும் காற்றாடி சுற்றினால் றெசிஸ்ரர் பழுது.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடில்லை என்றால், ஹீற்றருக்குப் போகும் இரண்டு றப்பர் குழாய்களையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் உள்ளே இருக்கும் கதவின் கேபிள் கழன்றிருக்கலாம். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் வால்வு மூடியிருக்கிறது அல்லது ஹீற்றர் அடைத்திருக்கிறது.

இந்த ஒழுங்கில் பார்க்காமல் பஞ்சிகாவத்தைக்கு ஓடிப்போய்ப் பாகம் வாங்காதீர்கள். கூரைத் தகட்டுக்கு வைத்திருக்கும் காசு தேவையில்லாத சுவிச்சுக்குப் போய்விடும்.

தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. அது எங்கே போனது என்று தேட வேண்டும். குழாய் இணைப்புகள், பம்ப் அடி, றேடியேற்றர் மூடியின் றப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். யப்பானிலிருந்து வந்த வான்களில் பின் இருக்கைக்கும் ஹீற்றர் இருந்தால், அதன் இரும்புக் குழாய்கள் தளத்துக்கு அடியால் போகும். கறள் பிடித்து அங்கே ஒழுகும். முன் காலடிப் பாய் ஈரமாகி இனிப்பு மணம் வந்தால் ஹீற்றரே ஒழுகுகிறது. வெளியே ஒழுக்கு இல்லாமல் தண்ணீர் குறைந்து, வெள்ளைப் புகை வந்தால் ஹெட் காஸ்கற்றைச் சந்தேகியுங்கள். அந்த வானில் பயணம் வேண்டாம்; கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

நிரப்பும்போது எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடிய அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே கொதித்து முகத்தில் பாயும். வானின் முன்பக்கம் சற்று உயர நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக நிரப்புங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் குமிழி வருவது நிற்கும்வரை சிறிது சிறிதாக ஊற்றி, பிறகு மூடுங்கள். ஊருக்குப் போனபின் கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அது படிந்து ஹீற்றரையும் றேடியேற்றரையும் அடைக்கும். கூலன்ற்றோடு பற்றறித் தண்ணீர் கலந்து ஊற்றுவது நல்லது.

இனி வீதிக்கு வருவோம். 2006 ஓகஸ்ற்றில் மூடிய ஏ-9 வீதி, போர் முடிந்தபின் திறந்திருக்கிறது. தார் வீதி திறந்ததால் பக்கத்துக் காணிகளும் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு.

ஆகவே இரண்டு கலன்களில் குறைந்தது 10 லீற்றர் தண்ணீர் வானுக்கென்று தனியாகக் கொண்டுபோங்கள். குடிக்கும் தண்ணீர் வேறு. வெப்பமானி முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, ஹீற்றரை முழுச் சூட்டில் போடுங்கள். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே எடுக்கும். முள் ஏறியிருக்க, ஹீற்றரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். ஆறும்வரை எல்லோரும் தார் வீதியோடு நில்லுங்கள். தண்ணீருக்கும் இறங்க வேண்டாம், சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் போக வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்திருங்கள்.

வவுனியாவில் ஒரு தரம் நிறுத்துங்கள். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். நீங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் நேரத்தில், சாரதி றேடியேற்றர் மூடியைத் தொடாமல், பக்கத்துப் பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் கோட்டுக்கு மேல் நிற்கிறதா என்று ஒருக்கால் பார்க்கட்டும். பிறகு கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இத்தனை வருடம் காத்திருந்த வீட்டு வாசலில் எல்லோரும் ஒன்றாக இறங்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும் எங்களுக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள்.