கரக்பூரை நாடும் மாணவர்க்குச் சில விடைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேல்நிலை வகுப்பில் பயிலும் நம் காலனிப் பிள்ளைகளும் அவர்தம் பெற்றோரும் கல்விக் குழுவினராகிய எங்களிடம் அடிக்கடி கேட்கும் வினாக்களையே இன்றைய பொருளாகக் கொண்டோம். அவற்றுள் பெரும்பாலானவை கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைப் பற்றியவை. ஹௌராவிலிருந்து சென்னைக்குச் செல்லும் பாதையில் அமைந்த அவ்வூரின் நீண்ட ரயில் மேடையை நம்மவர் பலர் கண்டிருப்பர். அதற்கு அப்பாலுள்ள கழகத்தைக் கண்டோர் சிலரே.

கழகம் பிறந்த இடம் ஒரு சிறைக்கூடம். ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஹிஜ்லி தடுப்புக்காவல் முகாம். 1931 செப்டம்பர் 16 அன்று காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்னும் இருவர் அங்கே உயிர் துறந்தனர். விடுதலைக்குப் பின் 1951 ஆகஸ்டில் 224 மாணவருடன் அதே கட்டடத்தில் நாட்டின் முதல் தொழில்நுட்பக் கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. தியாகிகள் உயிர் நீத்த மண்ணில் மக்கள் வரிப்பணத்தால் எழுந்த கல்விச்சாலை அது. அங்கே செல்ல விரும்பும் மாணவர் இதனை முதலில் அறிதல் நன்று.

இனி வினாக்களுக்கு வருவோம். "எங்களுக்கு இடம் கிடைக்குமா?" என்பதே முதல் வினா. ஜே.இ.இ. மெயின் தேர்வை ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகின்றனர். அவர்களுள் முன்னணியில் நிற்கும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரே அட்வான்ஸ்ட் தேர்வுக்குத் தகுதி பெறுவர். 2024-ஆம் ஆண்டில் அத்தேர்வின் இரு தாள்களையும் எழுதியோர் 1,80,200 பேர். தேறியோர் 48,248 பேர். 23 கழகங்களிலும் இருந்த இடங்கள் 17,740. ஆதலின் இடம் கிடைப்பது அரிது; கிடைக்காமற் போவது இழிவன்று. அட்வான்ஸ்ட் தேர்வை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இருமுறை மட்டுமே எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பில் பொதுப் பிரிவினர் 75 விழுக்காடு பெறுதல் வேண்டும், அல்லது தம் வாரியத்தில் முதல் இருபது விழுக்காட்டினருள் ஒருவராதல் வேண்டும். பயிற்சி நிலையத்தையே நம்பிப் பள்ளிப் படிப்பைக் கைவிடுவோர் இதனை மறத்தலாகாது.

"தமிழில் எழுதலாமா?" என்பது ஊரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த குடும்பங்கள் கேட்கும் வினா. மெயின் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட பதின்மூன்று மொழிகளில் எழுதலாம். அட்வான்ஸ்ட் தேர்வுக்கோ ஆங்கிலமும் இந்தியுமே உண்டு. கழகத்தில் பாடம் நடப்பதும் ஆங்கிலத்திலேயே. எனவே தமிழில் சிந்தித்துக் கற்ற பிள்ளை, கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பழகிக்கொள்ளல் வேண்டும். கருத்து தெளிவாயிருப்பின் சொல் வந்து சேர்ந்துவிடும்.

"செலவு தாங்குமா?" என்று தந்தைமார் குரலைத் தாழ்த்திக் கேட்கின்றனர். 2016-இல் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனோடு சலுகைகளும் வகுக்கப்பட்டன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆண்டு வருமானம் 1 இலட்சத்துக்கும் குறைந்த குடும்பத்தினர் ஆகியோர்க்குக் கல்விக் கட்டணம் முழுதும் இல்லை. 1 முதல் 5 இலட்சம் வரை வருமானமுள்ளோர்க்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதிக்கும் உணவுக்கும் தனியே செலுத்துதல் வேண்டும். 2024-இல் மத்திய அரசு ஏற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமித் திட்டத்தின்படி சிறந்த நிறுவனங்களில் சேரும் மாணவர்க்கு ஈடும் பிணையுமின்றி வங்கிக் கடன் கிடைக்கும். பணமில்லை என்னும் ஒரே காரணத்தால் எந்தப் பிள்ளையும் விண்ணப்பியாதிருத்தல் வேண்டா.

"கழகம் பெரிதா, பாடப்பிரிவு பெரிதா?" என்னும் வினாவே வீடுகளில் மிகுந்த வழக்காடலுக்கு இடமாகிறது. கணிப்பொறி ஒன்றே கல்வி என்று கருதுவோர் நம்மிடையே பலர். கரக்பூரில் கடற்கலப் பொறியியல் உண்டு, சுரங்கவியல் உண்டு, வேளாண்மை, உணவுப் பொறியியல் உண்டு, நில இயற்பியலும் உண்டு. கட்டடக் கலையை விரும்புவோர் அட்வான்ஸ்டுக்குப் பின் வரைதிறன் காணும் தனித் தேர்விலும் தேறவேண்டும். பெயருக்காக ஒரு பிரிவில் சேர்ந்துவிட்டு, ஓராண்டு கழித்து மாறிக்கொள்ளலாம் என்று எண்ணுவது தக்கதன்று. அண்மை ஆண்டுகளில் சில கழகங்கள் அவ்வழியையே அடைத்துவிட்டன. நான்காண்டு நாள்தோறும் கற்க மனம் இசையும் பாடம் எது என்று பிள்ளையைக் கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.

"படிப்பு எப்படி?" ஒவ்வொரு பருவத்திலும் இடைத்தேர்வுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 50, ஆசிரியர் மதிப்பீட்டுக்கு 20 என மதிப்பெண் பகுக்கப்படும். உச்சத் தரத்திற்குப் பத்துப் புள்ளி; தேர்ச்சியின் கடைசிப் படிக்கு ஐந்து. கடைசி வாரம் மட்டும் விழித்திருந்து கரையேற எண்ணுவோர் இடைத்தேர்விலேயே தடுமாறுவர்.

"வாழ்க்கை எப்படி?" மாணவர் தத்தம் விடுதியைத் தம் ஊர் போல எண்ணி அதன் பெயரால் நாடகத்திலும் விளையாட்டிலும் போட்டியிடுவர். தீபாவளி இரவில் மின்விளக்குகளை அணைத்து, மூங்கில் தட்டிகளில் ஆயிரக்கணக்கான அகல்களை அடுக்கிச் சித்திரங்களை ஒளியால் எழுதுவர். உணவு நம் வீட்டுச் சுவையில் இராது. பேச்சில் இந்தியும் வங்கமும் மிகுந்திருக்கும். பிற மாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகட்கு இது புதிதன்று. இவ்வகையில் அவர்கள் பேறு பெற்றவர்களே. ராகிங் என்னும் கொடுமையை அஞ்சும் தாய்மார் அறிக: 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் அதனைத் தண்டனைக்குரியதாக்கியுள்ளன. துன்புறும் பிள்ளை வாய் திறந்து முறையிடல் வேண்டும்.

இத்தனை வினாக்களையும் கேட்டவர்கள் ஒன்றை மட்டும் கேட்டதில்லை. "அங்கே சென்றபின் நான் பின்தங்கிவிட்டால் என்ன செய்வது?" என்பதே அது. தத்தம் பள்ளியில் முதல்வராய் நின்ற ஆயிரம் பேர் ஓரிடத்தில் கூடினால், அவர்களுள் ஐந்நூற்றுவர் பின்பாதியில் நிற்பதே கணக்கு. அதுவரை தோல்வியே அறியாத பிள்ளைக்கு முதற்பருவத்தின் தரப்பட்டியல் இடியென விழக்கூடும். உயர்கல்வி நிலையங்களில் மாணவர் சிலர் தம் உயிரை இழந்த செய்திகளை நாமெல்லாம் நெஞ்சம் பதறப் படித்தோம். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து ஆராயத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

கழகத்தில் ஆலோசனை நிலையம் உண்டு. அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். இவற்றைப் பெட்டி கட்டும்போதே பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். உதவி கேட்பது கோழைத்தனமன்று.

ஆயினும் முதற்கடமை வீட்டுக்கும் இக்காலனிக்குமே உரியது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பிள்ளையிடம் முதலில் புள்ளிகளைக் கேளாதீர்கள். பஜனையிலும் பொங்கல் விருந்திலும் பிறர் பிள்ளையின் தரவரிசையை விசாரிக்கும் வழக்கத்தை நாம் கைவிடுவோம். இடம் பெறாத பிள்ளையும் நம் பிள்ளையே. மாநிலப் பொறியியற் கல்லூரிகளும் அறிவியற் கல்லூரிகளும் அவனுக்கும் அவளுக்கும் திறந்தே உள்ளன. ஜே.இ.இ. தரவரிசையின்றித் தகுதிகாண் முறையால் சேரத்தக்க தரவு அறிவியல் பட்டப்படிப்பைச் சென்னைத் தொழில்நுட்பக் கழகமே இணையவழி நடத்திவருகிறது.

இன்று இம்மேடையில் சங்கத்தின் பரிசு பெறும் பிள்ளை, நாளை ஒரு பாடத்தில் தவறித் திரும்பினும், அடுத்த ஆண்டு விழாவில் இதே மன்றத்தின் முன்வரிசையில் கூசாமல் அமர இயலுதல் வேண்டும். அத்தகைய சங்கமாக நாம் இருப்பின், நம் பிள்ளைகள் எக்கழகத்துக்கும் அச்சமின்றிச் செல்வர்.