பெயர் சொல்லி வாசித்த குரல்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், எழுபதுகளில் கற்ற மாணவிகளின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எங்கள் மனதில் நின்ற ஒரு பெண்மணியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். எங்கள் வகுப்பார் ஒருமனதாகச் சொன்ன பெயர் சரோஜ் நாராயணஸ்வாமி.

இன்று தொலைக்காட்சியில் பெண்கள் செய்தி வாசிப்பது யாருக்கும் புதுமையல்ல. ரூபவாஹினி 1982இல்தான் வந்தது. அதன் பிறகும் தோட்டத்தில் கார் பற்றரி பூட்டித்தான் படம் பார்த்தோம். அதற்கு முன் எங்களுக்கு எல்லாம் வானொலிதான். இலங்கை வானொலியில் இராஜேஸ்வரி சண்முகம் அம்மாவின் குரல் எங்கள் வீட்டுக் குரல். ஆனால், “ஆகாசவாணி. செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி” என்று டெல்லிக் குரல் கரகரப்பினூடே வந்தால், லயத்து வாசலில் பேச்சே நின்றுவிடும்.

அதற்குக் காரணம் இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். நாங்கள் எந்தக் கணக்கில் வருவோம் என்று தெரியாமல்தான் பெரியவர்கள் டெல்லிச் செய்திக்குக் காது கொடுத்தார்கள்.

பள்ளியில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறை எங்களுக்கும் வரும். பெயரைச் சொன்னால் அடுத்து “எந்தத் தோட்டம்?” என்று கேட்பார்களே என்று பெயரை முணுமுணுப்போம். டீச்சர் விடமாட்டார். “டெல்லி அம்மா சொல்வதுபோல் முதலில் உன் பெயரை நிமிர்ந்து சொல். பிறகு செய்தியை வாசி” என்பார்.

அந்த அம்மா மும்பையில் வளர்ந்தவர், வங்கி வேலையிலிருந்து வானொலிக்கு வந்தவர் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்தும் சுமார் 35 ஆண்டுகள் பிசகில்லாத தமிழில் செய்தி வாசித்தார். தம் விருப்பு வெறுப்பைக் குரலில் காட்டவில்லை. 2022 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 87ஆவது வயதில் காலமானார்.

சகோதரிகளே, எங்கள் வகுப்பில் சிலர் படிப்பு முடியுமுன்பே ஹாலிஎல ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சி ஏறித் தலைமன்னார் போனார்கள். கோத்தகிரியிலோ கூடலூரிலோ இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். ஒப்பந்தத்தில் அவர்கள் வெறும் தொகை. எங்களுக்கோ ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள்.

இம்மலர் அவர்களில் ஒருவர் கைக்கேனும் கிடைத்தால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் அந்தப் பெயர்களை இதே மேடையில் நிமிர்ந்து நின்று வாசிப்போம்.