சித்தாளின் கூலி



திராட்சைத் தோட்ட உவமையில், தங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்று மாலை ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள் (மத் 20). நம் ஊரில் கட்டட வேலைக்குப் பெண்களை அழைக்கிறார்கள். ஆனால் சித்தாளாக மட்டும்.

கூட வரும் பையன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். முப்பது ஆண்டு மணலும் கல்லும் சுமந்த அம்மா சித்தாளாகவே ஓய்கிறார். கலவையின் பதம் அவருக்குத் தெரியாதா? கரண்டியை யாரும் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-இல் சட்டம் வந்தது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால் அந்த அம்மா எதைக் காட்டிக் கூலி கேட்பார்? உழைப்பின் மதிப்பு வேலையின் வகையில் அல்ல, அதைச் செய்யும் மனிதரில் இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் எழுதினார். குருமடத்தில் அதைப் படித்தவன்தான் நானும்.

எங்கள் ஆலயச் சுற்றுச்சுவர் கட்டியபோது கூலிப் பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். ஏன் இரண்டு கூலி என்று கேட்கவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிய அக்கா, மறுநாள் திருப்பலியில் என்னிடம் கை நீட்டி நற்கருணை வாங்கினார். காய்ப்பு ஏறிய கை.

அடுத்த மாதம் பங்கு மண்டப வேலை தொடங்குகிறது. பெண்கள் இருவருக்குக் கொத்து வேலை பழக்கித் தருமாறு மேஸ்திரியிடம் கேட்டேன். சிரித்தார். மறுபடியும் கேட்கப்போகிறேன்.